ஓரத்துக் குரல்கள்

அக்காவோடு வெளியே போவதென்றால், நேரத்துக்குப் போய்ச் சேரும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். ஒருமுறை பேர்லின் நொய்கெல்னில் சுரங்க ரயிலில் ஏறினோம். கோடைகாலம், பெட்டிக்குள் புழுக்கம். நானாக இருந்தால் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு இருந்திருப்பேன். அக்கா பக்கத்தில் இருந்த வயதான பெண்ணிடம் திறக்கலாமா என்று கேட்டார். எதிரே இருந்த இளைஞன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றும்வரை காத்திருந்து அவனிடமும் கேட்டார். பெட்டியின் கோடியில் நாயோடு நின்றவரிடமும் நடந்து போய்க் கேட்டார். அதற்குள் நாங்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது. ஜன்னல் கடைசிவரை திறக்கப்படவே இல்லை. ஆனால் இறங்கும்போது அந்த நாய்க்காரர் தொப்பியைத் தூக்கி அக்காவுக்கு வணக்கம் சொன்னார். பேர்லினில் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொப்பியைத் தூக்கிய மனிதரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இதுதான் அக்காவின் குணம். கூடப்பிறந்தவர் அல்ல, வயதில் மூத்தவர் என்று நான் அக்கா போட்டுக் கூப்பிடுகிறவர். ஓர் அறைக்குள் இருக்கிற ஒருவரையும் கேட்காமல் விடமாட்டார். முன்வரிசைக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் ஓரத்தில் நிற்பவரைத் தேடும். துணைக்கு வந்தவர், வாசலில் காத்திருப்பவர், தவறுதலாக உள்ளே வந்துவிட்டவர், யாராக இருந்தாலும், "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று அவரிடம் ஒரு கேள்வி போகும். நானோ பொறுமை என்ற சொல்லை அகராதியில் மட்டும் பார்த்தவன். அப்படிப்பட்ட எங்கள் இருவரையும் ஒரே அறையில் வேலைக்கு வைத்தவர்களை நான் பலநாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது ஓர் அருங்காட்சியகத்தில். எதுவென்று சொல்லப்போவதில்லை, பேர்லினில் தடுக்கி விழுந்தால் அருங்காட்சியகம்தான். அக்கா அங்கே சேகரிப்புத் தரவுகளுக்குப் பொறுப்பு. கிடங்கில் பூட்டிக் கிடக்கும் பொருள்களின் படம், ஒலி, விவரம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடுவது அவருடைய வேலை. நான் ஒலிப்பதிவு ஆள். பீலெஃபெல்ட் நகரத்தில் வளர்ந்து, அங்கேயே அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பழைய நாடாக்களைக் கணினிக்குள் ஏற்றுவதில் பெயர் எடுத்தவன். நிரல் எழுதவும் கொஞ்சம் வரும். இரைச்சலை வெட்டி எறிந்து குரலைக் கழுவிக் கொடுப்பதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

அருங்காட்சியகக் கூட்டங்களில் அக்காவோடு இருப்பது ஒரு சோதனை. எல்லோரும் ஒத்துக்கொண்டு, கதிரையைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்கிற நேரத்தில், மேசையைத் துடைக்க வந்து நிற்கும் பெண்ணிடம் திரும்பி அவருடைய கருத்தைக் கேட்பார். அந்தப் பெண்ணிடமிருந்து ஏதோ ஞானம் பிறக்கும் என்று நினைக்கவேண்டாம். "நீங்கள் எழும்பினால் நான் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்" என்றுதான் அவர் சொன்னார். அக்கா அதையும் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தைக் கொஞ்சம் முன்னதாக வைக்கச் சொன்னார்.

கோயிலிலும் இதே கூத்துத்தான். நொய்கெல்ன் முருகன் கோயில் திருவிழாவை இணையத்தில் நேரடியாகக் காட்டுவதென்று நிர்வாகம் தீர்மானித்தபோது, ஒளிப்பதிவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா கும்பிட வந்தவர். என் கருவியைக் கண்டதும் கும்பிடுவதை விட்டுவிட்டு, பின்னால் நின்ற பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய், படத்தில் விழுவது சரியா என்று விசாரிக்கத் தொடங்கினார். ஒருத்தி திடுக்கிட்டுப் போனாள். உணவகத்தில் வேலை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் திருவிழாவுக்கு வந்திருக்கிறாள். அவளுக்காக என் கருவியைத் தூணுக்கு மற்றப் பக்கம் நகர்த்தினோம். அந்த வருடம் இணையத்தில் பார்த்தவர்களுக்குச் சாமியின் இடப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

இந்தக் குணத்தோடுதான் அக்கா பழைய ஒலிநாடாக் கசற்றுகளின் சேகரிப்பில் கை வைத்தார்.

கசற் கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சனங்கள் ஈழத்துப் போருக்குத் தப்பி அகதியாக ஜேர்மனிக்கு வந்த காலத்தில் ஊரில் வீட்டுக்கு வீடு தொலைபேசி கிடையாது. கடிதத்தில் குரல் வராது. ஆகவே ஒரு கசற்றில் பேசிப் பதிவுசெய்து, யாராவது வருகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊரில் ஒரு வீட்டில் பதிவு தொடங்கிவிட்டால், அந்த நேரம் வேலிப் படலையைத் திறக்கிற எல்லோருக்கும் ஒரு கடமை உண்டு: வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அயலவர் சொல்லுவார். தபால்காரர் சொல்லுவார். மீன் விற்க வந்தவர், யாருக்குப் போகிறதென்று தெரியாமலேயே, "தம்பி சுகமே? இஞ்ச மீன் நெருப்பு விலை" என்று சொல்லிவிட்டுப் போவார். அதனால் ஒரு தாய் மகனுக்குப் பேசிய கசற் என்றாலும் அதற்குள் ஒரு தெருவே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. கேட்டு முடிந்ததும் அதே கசற்றின் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வந்த குரல் அழிந்து போகும். அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஆகவே இன்று மிஞ்சியிருக்கும் கசற்றுகள் எல்லாம் பதில் போடாத சோம்பேறிகளின் வீட்டிலிருந்து கிடைத்தவை. ஊருக்குப் பதில் சொல்லாமல் தாயை ஏங்கவைத்த பிள்ளைகளின் புண்ணியத்தில்தான் அந்தத் தாய்மாரின் குரல் எங்களுக்குக் கிடைத்தது. சோம்பேறிகள் நீடூழி வாழ்க என்று நான் ஒருநாள் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்பது பீலெஃபெல்டுக்குப் போகும் ரயிலில் தெரிந்தது. கசற் தருவதாகச் சொன்ன ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். அக்கா தாயோடு ஜேர்மனிக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று. காசு இரண்டு பேருக்குத்தான் போதுமாயிருந்தது. அண்ணன் மாமா வீட்டில் நின்று பிறகு வருவதாக ஏற்பாடு. முதல் வருடம் கசற்றுகள் வந்தன. பிறகு போரில் பாதை மூடி, போக்குவரத்து நின்று, ஒன்றும் வரவில்லை. சில வருடங்களின் பின் ஒருநாள் வேலைக்கென்று சைக்கிளில் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. இன்றுவரை அவ்வளவுதான் செய்தி.

"அம்மா கெட்டிக்காரி, தம்பி. கசற் வந்த கிழமையே பதில் போயிடும்," என்றார் அக்கா. "அண்ணான்ரை குரலுக்கு மேலதான் நான் பள்ளிக்கூடத்திலை பழகின ஜேர்மன் பாட்டைப் பாடி அனுப்பினனான். அவர் கேக்கோணும் எண்டு."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் குரல் ஒரு நொடிகூட அவர்களிடம் மிஞ்சவில்லை. ஆனால் அண்ணன் மற்ற வீட்டுப் படலைகளையும் திறந்திருப்பார்தானே. யாராவது ஒரு மாமி, யாராவது ஒரு பெரியம்மா அவரையும் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லச் சொல்லியிருப்பார்தானே. யாரோ ஒரு சோம்பேறியின் அலுமாரியில் அந்தக் கசற் கிடக்கக்கூடும். அக்கா ஒவ்வொரு கசற்றின் பின்னணியிலும் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. கேட்டவர் எல்லோருக்கும் சொன்னார்.

அண்ணனைப் பற்றி எனக்கு ஏற்கெனவே ஓரளவு தெரியும். அக்காவின் தாய் பீலெஃபெல்டில் காலமானபோது, இணையத்தில் வந்த மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயர் இருந்தது. சொந்தக்காரர் யாரோ, நல்ல மனதோடுதான், அண்ணனின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்துவிட்டார். செத்தவீட்டன்று காலை அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அறிவித்தல் போடுகிறவரை எனக்குப் பழக்கம். "அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லுங்கோ தம்பி. தெரியாததை எழுதப்படாது," என்றார். பெட்டியை மூட முன்னர் அந்தச் சொல் எடுபட்டுவிட்டது. அந்தக் காலையில் ஒரு சொல்லுக்காக மினக்கெட்ட மனுசியை நினைத்து எனக்கு அப்போது எரிச்சல்கூட வந்தது. இன்று அப்படி இல்லை.

கசற்றுகள் வந்து குவிந்தன. அவற்றைக் கேட்டு எழுத எங்களிடம் ஆளில்லை. ஆகவே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து செயற்கை நுண்ணறிவு வந்தது. ஒலியைக் கொடுத்தால் அதுவே எழுதித் தரும். அது வந்த புதிதில் செய்த கோமாளித்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அது தமிழகத்துச் செய்தி வாசிப்பைக் கேட்டுத் தமிழ் படித்த பிள்ளை. எங்கள் கிழவிகள், மகன் முன் கசற்றில் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்று சொல்லச் சொல்ல, அது அந்தக் கசற்றை எல்லாம் 'மந்திரம், மத வழிபாடு' என்று வகைப்படுத்தியது. சீதனச் சண்டை ஒன்று முழுவதும் வழிபாடாகப் பதிவாகியிருந்தது. காகம் கரைந்தால் குழந்தை அழுகிறது என்றது. பிரதானமாகப் பேசுகிறவரைத் தவிர மற்ற எல்லோரையும் 'பின்னணி இரைச்சல்' என்று ஒரே கட்டில் அள்ளிப் போட்டது.

அது எனக்கு வசதியாக இருந்தது. பின்னணியை வெட்டிவிட்டால் இயந்திரம் இலேசாகப் படித்துக்கொள்ளும், வேலையும் கெதியில் முடியும் என்று அதற்கொரு நிரலும் எழுதி வைத்தேன். அக்கா கேட்டுவிட்டு, "வெட்டாதேங்கோ. அவையும் கதைக்கினம்," என்றார். நான் விளக்கினேன். நேரம், செலவு, பல்கலைக்கழகத்தோடு குறித்துவைத்த டெர்மின் தேதி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்து, திரும்பவும் அதையே சொன்னார்.

அதன் பிறகு நடந்தது வேறு எந்த அருங்காட்சியகத்திலும் நடந்திருக்காது. ஒவ்வொரு கசற்றையும் அது வந்த வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனோம். முன்னறையில் இருந்து, பின்னணியில் கேட்கும் ஒவ்வொரு குரலையும் போட்டுக் காட்டி, இது யார், இப்போது எங்கே, இந்தக் குரலை உலகத்துக்குத் திறக்கவும் இயந்திரத்துக்குப் படிப்பிக்கவும் அவரைக் கேட்கமுடியுமா என்று விசாரித்தோம். வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் தொலைபேசி எடுத்தார்கள். எங்கேயோ பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், சின்ன வயதில் அடுத்த வீட்டு மாமியின் கசற்றில் தான் திருக்குறள் சொன்னதைத் தொலைபேசியில் கேட்டு, திரும்பவும் போடச் சொல்லிவிட்டு, "இது நானோ?" என்றார். திட்டம் இழுபட்டது. எங்கள் இயக்குநர், நல்ல ஜேர்மன் பெண்மணி, நாட்காட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஆனால் அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர இயந்திரம் மாறியது. 'எண்டு' என்றால் என்ன, 'வாறன்' என்றால் யார் வருகிறார், 'ஏலாது' என்று கிழவி சொன்னால் அதில் எவ்வளவு கோபம் என்று பிடிபடத் தொடங்கியது. ஒருநாள் நான் மிக மோசமான ஒரு கசற்றைக் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், திரையில் வரி வரியாக மனிதர்கள். பேசுகிற தாய் ஒரு நிறத்தில். கிணற்றடியில் யாரையோ திட்டும் பெண் இன்னொரு நிறத்தில். வேலிக்கு அப்பால் நின்று உப்பு இருக்கிறதா என்று கேட்கிற ஆள் மூன்றாவது நிறத்தில். என் காதுக்கே எட்டாத அந்த உப்பு, இயந்திரத்துக்கு எட்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க நான் இரைச்சல் என்று வெட்டி எறிந்ததற்குள் சனம் இருந்திருக்கிறது. தேநீர் ஆறியதும் தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்து, "பாத்தியளே, அவையைக் கேட்டால் சொல்லுவினம்," என்று மட்டும் சொன்னார்.

பான் நகரத்திலிருந்து ஒரு ஐயா அனுப்பிய பெட்டி அதற்குப் பிறகு வந்தது. தாயின் கசற்றுகளுக்கு ஒருநாளும் பதில் போடாதவர் அவர். எழுபது வயதில் அந்தக் குற்றம் மனதை அரிக்க, தாயின் குரலை அவுஸ்திரேலியாவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் இணையத்தில் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கொடுத்தார். இயந்திரம் எழுதி முடித்ததை நான் சரிபார்த்துக்கொண்டு போனேன். ஒரு கசற்றின் நடுவில், தாய் யாரையோ கூப்பிடுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்தப் பெயர், 'காலஞ்சென்ற' என்பதை எடுக்கச் சொல்லி நான் தொலைபேசியில் எழுத்துக் கூட்டிய பெயர்.

"இஞ்சை வா, உன்ரை அம்மாவும் தங்கச்சியும் ஜேர்மனியிலதானே. ஒரு சொல் சொல்லிட்டுப் போ." அதற்குக் கீழே, வேறு நிறத்தில், ஒரு வரி. "நான் பிறகு கதைக்கிறன் மாமி. கடை பூட்டப் போறான்." பிறகு தாயின் சிரிப்பு. அவ்வளவுதான்.

நான் பலமுறை கேட்டேன். பிறகு எழுந்து அக்காவின் மேசைக்குப் போனேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் எழுந்து வந்து என் கதிரையில் இருந்தார். நான் காதொலிப்பானை நீட்டினேன். கையில் வாங்கியவர் மாட்டவில்லை. "ஐயாட்டைக் கேக்கேல்லை," என்றார்.

முப்பது வருடத்துக்கு மேலாகத் தேடிய குரல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் கசற்றை இயந்திரத்துக்குக் கொடுக்கவும் தாயின் குரலை இணையத்தில் போடவும்தான் ஐயா சம்மதித்திருந்தார். அக்கா தன் சொந்த விஷயத்துக்காகக் கேட்பதற்கு அல்ல என்பது அவருடைய கணக்கு. பானுக்குத் தொலைபேசி எடுத்தார். தான் யாருடைய மகள், எந்தத் தெரு என்று முதலில் சொன்னார். பிறகு, "ஐயா, உங்கட அம்மான்ரை கசற்றிலை என்ரை அண்ணா கதைக்கிறார். நான் கேக்கலாமோ?" என்றார். மறுமுனையில் அந்த மனிதர் அழுவது எனக்கே கேட்டது. "என்னட்டை ஏன் பிள்ளை கேக்கிறாய், உன்ரை அண்ணன்," என்றார்.

அக்கா ஒரே ஒருமுறை கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காதொலிப்பானைக் கழற்றி மேசையில் நேராக வைத்தார்.

"குரல் உடைஞ்சிட்டுது," என்றார். "நான் சின்னப் பெடியன்ரை குரலைத்தானே இவ்வளவு நாளும் தேடினனான். அவர் வளந்திருப்பார் எண்டு யோசிக்கேல்லை."

அவர் விட்டுவிட்டு வந்தது பதின்மூன்று வயதுச் சிறுவனை. பாதை கொஞ்சநாள் திறந்தபோது யாரோ கொண்டுவந்த இந்தக் கசற்றில் பேசுவது மீசை முளைத்த இளைஞன். அவருடைய காது மட்டும் தேடியிருந்தால் இந்தக் குரலைக் கடந்து போயிருக்கும். அடையாளம் தெரியாத, முகம் தெரியாத, உறவு எதுவும் இல்லாத ஒரு இயந்திரம், பேருந்து ஓட்டுநரிடமும் திட்டுகிற பெண்ணிடமும் உப்புக் கேட்டவரிடமும் தமிழ் படித்து, அவரைக் கண்டுபிடித்திருக்கிறது. அந்தப் பின்மதியத்தில் நான் கடவுளையும் நினைத்தேன், கணினியையும் நினைத்தேன். எதைக் கும்பிடுவதென்று தெரியவில்லை.

செய்தி பரவியது. பல்கலைக்கழகத்து இளம் பொறியியலாளர் நெகிழ்ந்து போய் ஓடிவந்தார். இந்தச் சில நொடிகளே போதும், இதே குரலில் அக்காவின் பெயரைச் சொல்லவைக்கலாம், ஒரு கசற் முழுவதும்கூடப் பேசவைக்கலாம் என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அண்ணன் பிறகு கதைப்பதாகச் சொல்லியிருக்கிறார், அவருக்குப் பதிலாக வேறு ஒருவரும் கதைக்கவேண்டாம் என்று ஜேர்மனில் மெதுவாகச் சொன்னார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போனான்.

உண்மையான சிக்கல் பிறகுதான் வந்தது. சேகரிப்பைத் திறக்கும் நாள் நெருங்கியது. ஒவ்வொரு குரலுக்கும் தரவுத்தளத்தில் மூன்று கட்டங்கள். குரலுக்குரியவர் சம்மதித்தார். அல்லது, அவர் இறந்துவிட்டார், வாரிசு சம்மதித்தார். அல்லது, தேடியும் யாரென்று தெரியவில்லை. மூன்றில் ஒன்றில் அடையாளமிடாமல் எந்தக் கசற்றும் வெளியே போகாது. அந்த விதியை எழுதியவரே அக்காதான்.

இயக்குநர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாரிசு என்று கையெழுத்து வைக்கலாமே என்றார். வைத்தால் தங்கை தன் கையாலேயே அண்ணனைச் சாகடித்ததாகும். அது முடியாதென்றால், யாரென்று தெரியவில்லை என்று போட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை என்றார். "எனக்கு அவரைத் தெரியும்," என்றார் அக்கா. நான் என் பங்குக்கு, சில நொடிகள்தானே, அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, ஐயாவின் தாயார் பேசியது முழுவதும் வெளியே வந்துவிடும் என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கோபப்படாமல், "அப்ப மாமி ஆரைக் கூப்பிட்டவ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பானுக்குப் போனார். கையெழுத்து வைக்காவிட்டால் ஐயாவின் கசற்றும் தங்கிப்போகும். அதை அவரிடம் நேரில் சொல்லவேண்டும் என்று போனார். ஐயா, எவ்வளவு காலம்தான் பார்த்திருப்பாய் பிள்ளை, கையெழுத்தை வை என்றுதான் முதலில் சொன்னாராம். பிறகு இருவரும் அந்தக் கசற்றைச் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐயா அந்தப் பேச்சை எடுக்கவில்லையாம். புட்டு அவித்துக் கொடுத்து அனுப்பினாராம்.

திரும்பி வந்த அக்கா என் மேசைக்கு நேரே வந்தார். நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும் என்றார். அதில் என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். "இன்னும் கேக்கேல்லை," என்றார். அந்தக் கட்டத்தில் விழும் குரலை வெட்டக்கூடாது. வெளியிடவும் கூடாது, ஏனென்றால் அவரிடம் கேட்கவில்லை. அவர் பேசிய நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் அந்த இடம் மௌனமாக இருக்கவேண்டும். எழுத்து வடிவத்தில், அந்த இடத்தில், 'ஒருவர் பேசுகிறார். அவரை இன்னும் கேட்கவில்லை' என்று வரவேண்டும்.

கேட்கிறவர்கள் ஒலிக்கோப்பு பழுதென்று நினைப்பார்கள் என்று ஒலிப்பதிவுக்காரனாக நான் சொல்லிப் பார்த்தேன். "நினைக்கட்டும்," என்றார். இயக்குநரிடம் இதைச் சொல்லப் போனபோது நானும் கூடப் போனேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஏன் இந்தக் கட்டம் எங்களிடம் முதலிலேயே இல்லாமல் போயிற்று என்று தனக்குத்தானே கேட்டார்.

இப்போது அந்தக் கசற் இணையத்தில் இருக்கிறது. யாரும் கேட்கலாம். மாமி மகனுக்குப் பேசிக்கொண்டு போகிறார், படலைச் சத்தம், ஒரு சொல் சொல்லிட்டுப் போ என்கிறார். பிறகு மௌனம். ஓர் ஆள் மறுத்துவிட்டுப் போக எடுக்கும் அளவு மௌனம். பிறகு மாமி சிரிக்கிறார். உலகத்தில் மிச்சம் எல்லாவற்றையும் திறந்துவிட்ட மனுசி, தன் அண்ணனின் ஒரு வரியை மட்டும் அவருக்கென்று வைத்திருக்கிறார். நான் எவ்வளவோ ஒலி கேட்டவன். அந்த மௌனத்தைப் போல ஒன்றைக் கேட்டதில்லை.

அக்கா சில வருடங்களில் வேலையை விட்டுப் பீலெஃபெல்டுக்குப் போய்விட்டார். தரவின் அமைப்பையும் படிப்பித்த இயந்திரத்தையும் நாங்கள் திறந்தே விட்டிருந்ததால், வேறு நாட்டு அருங்காட்சியகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அவர்களிடமும் பழைய ஒலிகள் இருந்தன. பெயர் தெரிந்தும், என்ன ஆனார்கள் என்று தெரியாத மனிதர்களின் படங்கள் இருந்தன. நான்காவது கட்டம் அவர்களிடமும் நிரம்பத் தொடங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகளில் அந்த வாசகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கட்டத்தை உருவாக்கிய அன்று ஒரு தடங்கல் வந்தது. எங்கள் மென்பொருளில், முடிவாகாத எந்த நிலைக்கும் முடியும் தேதி ஒன்று கொடுக்கவேண்டும். அந்தத் தேதி வந்ததும் அது தானாகவே இறந்தவர் கட்டத்துக்கு மாற்றிவிடும். தேதி இல்லாவிட்டால் பதிவு ஏறாது. அக்கா என் பின்னால் நின்றார். எத்தனையாம் திகதி போட என்று கேட்டேன். திரையில் தேதிக்கான அந்தச் சின்ன வெற்றுக் கட்டம் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வாழ்நாளில் முதல்முறையாக அவரிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லாததுபோல நின்றார்.

"அதை எடுத்துவிடுங்கோ தம்பி," என்றார்.

எடுத்துவிட்டேன். அந்த அமைப்பைத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கு எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறார்கள். ஒருவருக்கும் முடியும் தேதி கிடையாது.